பழைய டீசல் பிக்கப் வண்டி வழியில் நின்றால்: எரிபொருள் கோளாறுகளைக் கண்டறியும் முறை
(உழவர் பயிற்சியில் நிகழ்த்திய உரை)



விளைவித்த பொருளைச் சந்தைக்குக் கொண்டு சேர்த்தால்தான் விவசாயம் முழுமை பெறும். இன்று பல சிறு விவசாயிகள் தனியாகவோ, நாலைந்து பேர் கூட்டாகவோ பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, தக்காளி, கத்தரி, வாழைத்தார், பூ ஆகியவற்றைத் தாங்களே ஏற்றிச் செல்கிறார்கள். வரும்போது எருவும் உரமும் ஏற்றி வருகிறார்கள். வாடகை மிச்சமாகிறது. ஆனால் இந்த வண்டி விடியற்காலை 3 மணிக்கு நடுவழியில் நின்றுவிட்டால், ஒரு பறிப்பின் வருமானமே போய்விடும். ஏலம் முடிந்த பிறகு போய்ச் சேரும் தக்காளிக்கு என்ன விலை கிடைக்கும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பழைய டீசல் வண்டிகள் நிற்பதற்கு மிகுதியான காரணம் இன்ஜினுக்கு டீசல் சரியாகப் போய்ச் சேராததுதான். இதில் பெரும்பாலான கோளாறுகள் சிறியவை. ஒரு வாஷர், ஒரு ரப்பர் குழாய், ஒரு பில்டர், மூடியிலுள்ள ஒரு துளை என்ற அளவில் முடிந்துவிடும். காரணம் தெரியாமல் பம்பைக் கழற்றினால் செலவு பல மடங்காகிவிடுகிறது. ஆகவே, கோளாறு எங்கே இருக்கிறது என்று வரிசையாகக் கண்டுபிடிக்கும் முறையை இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

எந்த வண்டிகளுக்கு இது பொருந்தும்?

இயந்திர முறையில் இயங்கும் இன்ஜெக்ஷன் பம்பு பொருத்திய பழைய வண்டிகளுக்கு மட்டுமே இந்த உரை பொருந்தும். 1986இல் வெளிவந்த டாடா 407, அதே காலத்தையும் அதற்கு அடுத்த ஆண்டுகளையும் சேர்ந்த பழைய பிக்கப், ஜீப் வகை வண்டிகள் ஆகியவற்றில் இத்தகைய பம்பைப் பார்க்கலாம். 1951இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட மைக்கோ நிறுவனம் 2008இல் பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆனாலும் இந்தப் பம்பை நம் பக்கத்து மெக்கானிக்குகள் இன்றும் 'மைக்கோ பம்பு' என்றே சொல்கிறார்கள்.

காமன் ரெயில் என்னும் புதிய முறை உள்ள வண்டிகளின் டீசல் குழாய்களை நீங்கள் தொடவே கூடாது. அவற்றில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 1000 கிலோவுக்கும் மேல் இருக்கும். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை 6 டீசல் வண்டிகளையும் பணிமனையில்தான் காட்ட வேண்டும்.

டீசல் போகும் பாதை

ஏரியிலிருந்து தண்ணீர் மதகு, வாய்க்கால், கிளை வாய்க்கால் வழியாகக் கடைமடைக்குப் போவதுபோல, டீசலும் ஒரு பாதையில் போகிறது. டேங்கிலிருந்து புறப்பட்டு, வண்டல் தங்கும் சிறு கிண்ணத்தையும் சல்லடையையும் கடந்து, பீடு பம்பு என்னும் சிறிய பம்புக்கு வருகிறது. பீடு பம்பு டீசலை இழுத்து, பில்டர்களுக்குள் தள்ளுகிறது. பில்டரில் சுத்தமான டீசல் இன்ஜெக்ஷன் பம்புக்குப் போகிறது. அங்கிருந்து கனத்த எஃகுக் குழாய்கள் வழியாக, மிகுந்த அழுத்தத்துடன் நாசில்களுக்குப் போய், புகைபோல் பீய்ச்சப்படுகிறது. எஞ்சிய டீசல் திரும்பும் குழாய் வழியாக டேங்குக்கே வந்துவிடுகிறது.

கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் நாம் முதலில் மதகைத்தான் பார்ப்போம். இங்கும் அப்படியே. டேங்கிலிருந்து தொடங்கி நாசிலில் முடிக்க வேண்டும். பலரும் நாசிலில் தொடங்கித் தலைகீழாகப் போவதால்தான் வீண் செலவு ஏற்படுகிறது.

இந்தப் பாதையை மூன்று பகுதிகளாகப் பிரித்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. டேங்க் முதல் பீடு பம்பு வரை இழுக்கும் பகுதி.
2. பீடு பம்பு முதல் இன்ஜெக்ஷன் பம்பு வரை தள்ளும் பகுதி.
3. இன்ஜெக்ஷன் பம்பு முதல் நாசில் வரை உயர் அழுத்தப் பகுதி.

தள்ளும் பகுதியில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே கசியும். ஈரத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். இழுக்கும் பகுதியில் ஓட்டை இருந்தால், வண்டி ஓடும்போது டீசல் வெளியே வராது. காற்று உள்ளே போகும். உங்கள் கிணற்று மோட்டாரை நினைத்துப் பாருங்கள். உறிஞ்சு குழாயில் ஊசித் துளை இருந்தாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் கசியாது; ஆனால் மோட்டார் தண்ணீர் எடுக்காது. புட்வால்வு சரியில்லை என்றால் ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும். டீசல் வண்டியின் காற்றுக் கோளாறும் முற்றிலும் இதே வகையைச் சேர்ந்ததுதான்.

அறிகுறிகள் சொல்லும் செய்தி

வண்டி எப்படி நிற்கிறது என்பதைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

காலையில் ஸ்டார்ட் ஆகி, அரை நிமிடம் அல்லது ஒரு நிமிடம் ஓடி நின்றுவிட்டால், இரவில் டீசல் டேங்குக்கே இறங்கி, குழாயில் காற்று ஏறியிருக்கிறது என்று பொருள். இழுக்கும் பகுதியில் காற்று புகும் இடத்தைத் தேட வேண்டும்.

வெறும் வண்டி நன்றாக ஓடி, பாரம் ஏற்றி மேடு ஏறும்போது மட்டும் இழுவை குறைந்தால், பில்டரிலோ சல்லடையிலோ அடைப்பு இருக்கலாம். எரு ஏற்றிக்கொண்டு பண்ணாரியிலிருந்து திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளை ஏறும் வண்டிக்கு, சமதளத்தில் தேவைப்படுவதைவிட மிக அதிகமான டீசல் வேண்டும். பாதி அடைத்த பில்டர் சமதளத்துக்குப் போதும், மலைக்குப் போதாது. டேங்கில் டீசல் குறைவாக இருந்தாலும் ஏற்றத்தில் டீசல் ஒருபக்கமாகச் சாய்ந்து, உறிஞ்சு குழாயின் வாய் காற்றில் நின்றுவிடும்.

சில மைல் ஓடி நின்று, கால் மணி நேரம் கழித்துத் தானாகவே மீண்டும் ஸ்டார்ட் ஆனால், டேங்க் மூடியின் காற்றுத் துளையைப் பாருங்கள். துளை அடைபட்டால், டீசல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் ஏற்பட்டு, பீடு பம்பால் இழுக்க முடியாமல் போகும். வண்டி நின்ற உடனே மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் கோளாறு அகப்பட்டுவிட்டது.

புகையையும் கவனிக்க வேண்டும். டீசல் போதாத வண்டி பெரும்பாலும் புகை இல்லாமலே இழுவை இழக்கும். கரும்புகையுடன் இழுவை குறைந்தால் டீசல் போகிறது, காற்று போதவில்லை அல்லது நாசில் ஒழுகுகிறது என்று பொருள். அப்போது முதலில் ஏர் பில்டரைச் சுத்தம் செய்யுங்கள். இன்ஜின் சூடான பிறகும் வெண்புகை நிற்கவில்லை என்றால், டீசல் முழுதும் எரியாமல் வெளியேறுகிறது. டீசலில் தண்ணீர், டைமிங் தவறு, கம்ப்ரஷன் குறைவு ஆகியவற்றில் ஒன்று காரணமாகலாம்.

ஆயில் குச்சியில் அளவு ஏறியிருந்து, டீசல் வாடை அடித்தால் வண்டியை ஓட்டாதீர்கள். பீடு பம்பு அல்லது இன்ஜெக்ஷன் பம்பு வழியாக டீசல் ஆயிலில் கலக்கிறது. நீர்த்த ஆயிலில் ஓட்டினால் பேரிங்குகள் தேய்ந்து இன்ஜினே கெட்டுவிடும்.

முதலில் பாதுகாப்பு

ஏற்றத்தில் இன்ஜின் நின்றுவிட்டால் பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடம் கிடைக்காது. இரண்டு மூன்று முறை மிதித்த பிறகு பிரேக் கல்போல் இறுகிவிடும். ஆகவே முதல் மிதியிலேயே வண்டியை உறுதியாக நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, உடனே சக்கரத்துக்குக் கல் வைத்துவிட வேண்டும். பின்னால் வருபவர்களுக்குத் தெரியும்படி விளக்கைச் சிமிட்ட விடுங்கள். அதன் பிறகே பானெட்டைத் திறக்க வேண்டும்.

பீடி, சிகரெட், தீப்பெட்டி அருகில் வரக்கூடாது. வாயால் குழாயை உறிஞ்சி டீசல் எடுக்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள். நுரையீரலுக்குள் சிறிதளவு டீசல் போனாலும் கடுமையான நுரையீரல் அழற்சி ஏற்படும். கையால் அழுத்தும் ரப்பர் பம்பு ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

ஸ்பானர் எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

1. டேங்கில் டீசல் இருக்கிறதா என்று சுத்தமான குச்சி விட்டுப் பாருங்கள். பழைய வண்டியின் அளவு காட்டும் முள்ளை நம்ப வேண்டாம்.

2. இன்ஜினை நிறுத்தும் இழுகம்பி முழுதும் உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள். கேபிள் துருப்பிடித்துப் பாதியில் நின்றால், பம்பு டீசல் தராது. பம்பின் பக்கத்திலுள்ள நெம்புகோலைக் கையால் அசைத்துப் பாருங்கள். சாவியாலேயே நிற்கும் வண்டியானால், சாவியைத் திருப்பும்போது பம்பின் பக்கம் 'டிக்' என்ற ஓசை கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அந்த ஒயரைச் சரிபாருங்கள்.

3. வண்டல் கிண்ணத்தில் தண்ணீரோ சேறோ இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் டீசலைவிடக் கனமானது. அடியில் தனியாகத் தெரியும்.

4. குழாய்கள் நசுங்கியோ, மடங்கியோ, ரப்பர் வெடித்தோ இருக்கின்றனவா என்று டேங்கிலிருந்து பம்பு வரை கையால் தடவிப் பாருங்கள். மேலே நன்றாகத் தெரியும் ரப்பர் குழாய், உட்புறம் உரிந்து அடைத்துக்கொள்வதும் உண்டு.

கைப்பம்புச் சோதனை

பீடு பம்பின் மேல் கையால் அழுத்தும் குமிழ் ஒன்று இருக்கும். அதைத் திருகி விடுவித்துக்கொள்ளுங்கள். பில்டரின் தலையிலுள்ள காற்று நீக்கும் திருகாணியை இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்துங்கள். அடியில் ஒரு பாத்திரம் வைத்து, குமிழை மேலும் கீழும் அடியுங்கள்.

குமிழ் இல்லாத சில வண்டிகளில் பீடு பம்பின் பக்கத்தில் சிறு நெம்புகோல் இருக்கும். அது அசையவில்லை என்றால் இன்ஜினைச் சற்றுத் திருப்பிவிட்டு மறுபடி முயலுங்கள்.

டீசல் கொப்புளமின்றித் தாராளமாக வந்தால், பில்டர் வரை குறையில்லை. அடுத்த பகுதிக்குப் போகலாம்.

நுரை நுரையாக வந்து, நூறு அடி அடித்தும் நுரை நிற்கவில்லை என்றால், இழுக்கும் பகுதியில் காற்று புகுகிறது.

குமிழை மேலே இழுப்பது கனமாக இருந்தால் டேங்க் பக்கம் அடைப்பு. திருகாணி திறந்திருந்தும் கீழே அழுத்துவது கனமாக இருந்தால் பில்டர் பக்கம் அடைப்பு.

கனமே இல்லாமல் சும்மா மேலும் கீழும் போய், டீசல் வராவிட்டால், பீடு பம்பின் வால்வில் தூசி சிக்கியிருக்கலாம், அல்லது குழாய் எங்கோ விட்டுப்போயிருக்கலாம்.

டப்பாச் சோதனை

ஐயம் தீரவில்லை என்றால் இன்னொரு வழி உண்டு. 5 லிட்டர் பிடிக்கும் சுத்தமான டப்பாவில் வடிகட்டிய டீசல் எடுத்துக்கொள்ளுங்கள். டேங்கிலிருந்து பீடு பம்புக்கு வரும் குழாயைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் நல்ல ரப்பர் குழாய் ஒன்றை மாட்டி, மறுமுனையை டப்பாவின் டீசலுக்குள் விடுங்கள். டப்பா, சைலன்சர் குழாய்க்கு அருகில் இருக்கக்கூடாது. காற்றை நீக்கிவிட்டு இன்ஜினை ஓட்டிப் பாருங்கள். திரும்பும் டீசல் வண்டியின் டேங்குக்குப் போவதால் டப்பா விரைவில் காலியாகும், கவனித்துக்கொள்ளுங்கள்.

டப்பா டீசலில் இன்ஜின் நன்றாக ஓடினால், கோளாறு டேங்குக்கும் பீடு பம்புக்கும் இடையில்தான். பம்பையும் நாசிலையும் தொட வேண்டாம். டப்பாவிலும் அதே கோளாறு இருந்தால், பீடு பம்பு முதல் நாசில் வரை பார்க்க வேண்டும். இந்த ஒரு சோதனை, பாதையைச் சரிபாதியாக வகுத்துக் காட்டிவிடுகிறது. தேவையில்லாமல் பம்பைக் கழற்றும் செலவும் மிச்சமாகிறது.

காற்று புகும் இடங்கள்

காற்று பெரும்பாலும் மூட்டுகளில்தான் புகும். குழாய் மூட்டின் இருபுறமும் செப்பு வாஷர்கள் இருக்கும். ஒருமுறை இறுக்கிய செப்பு வாஷர் கெட்டிப்பட்டுவிடுவதால், மறுபடி போட்டால் சரியாகப் படியாது. புது வாஷர் போடுவதே நல்லது. கிடைக்காத இடத்தில், பழைய வாஷரை வண்டியிலிருந்தும் டீசலிலிருந்தும் எட்டத்தில் எடுத்துச் சென்று, சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு எடுத்தால் மிருதுவாகிவிடும். கரியைத் துடைத்துவிட்டுப் பொருத்தலாம்.

வண்டல் கிண்ணத்தின் ரப்பர் வளையம், பில்டர் கிண்ணத்தின் வளையம், கைப்பம்புக் குமிழின் உள்வளையம், ரப்பர் குழாயின் கிளிப் ஆகியவற்றையும் பாருங்கள். வேலை முடிந்ததும் குமிழை அழுத்தித் திருகிப் பூட்டாமல் விட்டாலும் அதன் வழியாகக் காற்று புகும்.

டேங்கில் விரிசல் கண்டால் சோப்புக் கட்டியை அப்பி ஓட்டுவது ஓட்டுநர்களின் வழக்கம். வீடு வந்து சேரும் வரை அது தாங்கும். நிரந்தரத் தீர்வு அல்ல. டேங்கை நன்றாகக் கழுவி ஆவி நீக்காமல் வெல்டிங் வைக்கக் கூடாது. காலி டேங்கில் தங்கும் ஆவி வெடிக்கும். இந்த வேலையை அனுபவம் உள்ளவரிடமே கொடுங்கள்.

காற்றை நீக்கும் வரிசை

பில்டரை மாற்றினாலும், டீசல் தீர்ந்துபோய் நின்றாலும் காற்றை நீக்கியாக வேண்டும். வரிசை மாறக்கூடாது.

1. டேங்கில் போதிய டீசல் ஊற்றுங்கள்.
2. பில்டர் தலையின் திருகாணியைத் தளர்த்திக் கைப்பம்பை அடியுங்கள். இரண்டு பில்டர் இருந்தால், டேங்க் பக்கத்தில் உள்ளதை முதலில் பார்க்க வேண்டும். கொப்புளம் நின்றதும், டீசல் வந்துகொண்டிருக்கும்போதே திருகாணியை இறுக்குங்கள்.
3. இன்ஜெக்ஷன் பம்பின் திருகாணியிலும் இப்படியே செய்யுங்கள்.
4. நாசில் பக்கம் உள்ள குழாய் நட்டுகளில் இரண்டை அரைச் சுற்றுத் தளர்த்தி, ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். டீசல் விட்டு விட்டுத் தெறித்ததும் இறுக்கிவிடுங்கள்.

ஸ்டார்ட்டரை ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் சுழற்றாதீர்கள். இடையே அரை நிமிடமாவது ஓய்வு கொடுத்தால் பாட்டரியும் ஸ்டார்ட்டரும் பிழைக்கும்.

இன்ஜின் ஒரு சிலிண்டரில் தட்டுத் தடுமாறி ஓடினால், மெது ஓட்டத்தில் ஒவ்வொரு நாசில் நட்டாகத் துணி சுற்றி, ஸ்பானரால் சற்றே தளர்த்திப் பாருங்கள். ஓசை தாழ்ந்தால் அந்த நாசில் வேலை செய்கிறது. ஓசையில் மாற்றமே இல்லை என்றால் அந்தச் சிலிண்டரில்தான் கோளாறு. ஒன்றைப் பார்த்ததும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. உயர் அழுத்தக் குழாயின் கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே முள் குத்தியது போலத்தான் இருக்கும், வலிகூடத் தெரியாது. ஆனால் உள்ளே சதை அழுகி, விரலையோ கையையோ இழக்க நேரிடும். அப்படி நேர்ந்தால் மஞ்சள் வைத்துக் காத்திருக்காமல், அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே சென்று, டீசல் ஏறிவிட்டது என்று தெளிவாகச் சொல்லுங்கள். கசிவைப் பார்க்க ஓர் அட்டைத் துண்டு போதும்.

தொடக்கூடாதவை

இன்ஜெக்ஷன் பம்பின் உள்ளே இருக்கும் பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் உள்ள இடைவெளி சில மைக்ரான் மட்டுமே. ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நமது தலைமுடியின் கனம் அதைப்போல் பல மடங்கு. இவ்வளவு நுட்பமான பம்பைச் சாலையோரத்தில் பிரிக்க விடாதீர்கள். ஈய முத்திரை இட்ட திருகாணிகளையும் தொட விடாதீர்கள். பம்பையும் நாசிலையும் சோதனை மேடை உள்ள பணிமனையில்தான் சரிபார்க்க வேண்டும்.

மண்ணெண்ணெய் கலந்து ஓட்டுவதும் தவறு. பல பம்புகளுக்கு டீசலே மசகு எண்ணெய். மண்ணெண்ணெயில் அந்த வழவழப்புக் குறைவு. லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் பிடித்து, பம்பையே பறிகொடுப்பதாக முடியும்.

வருமுன் காத்தல்

கிராமத்தில் டீசலைப் பேரலில் சேமித்து வைப்பவர்கள், துத்தநாகம் பூசிய பேரலையோ வாளியையோ பயன்படுத்தக் கூடாது. டீசல் துத்தநாகத்தோடு சேர்ந்து பசை போன்ற கசடாகி, பில்டரை அடைக்கும். பேரலைச் சற்றே சாய்த்து நிழலில் வைத்து, ஒரு நாள் தெளியவிட்டு, அடியில் உள்ளதை விட்டு மேலே இருப்பதை மட்டும் எடுங்கள். டீசலும் தண்ணீரும் சேரும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கரிய வழுவழுப்பாகப் படியும். அடிக்கடி பில்டர் கரிபடிந்து அடைத்தால் டேங்கை இறக்கிக் கழுவ வேண்டிய காலம் வந்துவிட்டது என்று அறியுங்கள்.

நாள்தோறும் வேலை முடிந்ததும் டேங்கை நிரப்பி வையுங்கள். பாதி காலியான டேங்கில் இரவுக் குளிரில் ஈரம் படிந்து தண்ணீராகும். வாரம் ஒருமுறை வண்டல் கிண்ணத்தின் தண்ணீரை வடித்துவிடுங்கள். வண்டியின் கையேட்டில் கண்ட கிலோமீட்டரில் பில்டரை மாற்றுங்கள். காகிதப் பில்டரைக் கழுவி மறுபடி போடாதீர்கள். கழுவும்போது காகிதம் கிழிந்து, வடிகட்டாத டீசலை உள்ளே விட்டுவிடும். ஆண்டுக்கு ஒருமுறை, சாகுபடி ஓய்ந்த காலத்தில், ரப்பர் குழாய்களையும் கிளிப்புகளையும் மாற்றி, நாசில்களைச் சோதித்து வாருங்கள்.

வண்டியில் ஒரு சிறு பெட்டி இருக்கட்டும். அதில் 10 முதல் 19 வரையுள்ள ஸ்பானர்கள், ஒரு திருப்புளி, ஒரு டஜன் செப்பு வாஷர், ஒரு முழ ரப்பர் குழாய், நான்கு கிளிப், ஒரு புதுப் பில்டர், சுத்தமான துணி, டார்ச் விளக்கு, சக்கரத்துக்கு வைக்க இரண்டு மரக்கட்டை ஆகியவை போதும்.

உழவர் பெருமக்களே, வண்டியை ஓட்டும் உங்கள் மகனுக்கோ தம்பிக்கோ இந்தச் சோதனைகளைப் பகல் வெளிச்சத்தில், வீட்டு வாசலில் ஒருமுறை செய்து காட்டுங்கள். பழகிய கைக்கு நள்ளிரவில் வழியில் நின்றாலும் பதற்றம் வராது. விளைந்த சரக்கும் ஏலத்துக்கு முன்பே சந்தைக்குப் போய்ச் சேரும்.